வேகமும் விசையும் குறைந்த சில தோட்டாக்களை வேட்டைக்காரர்கள் ஏன் கைவிடுவதில்லை?

மலைச்சாரல் (சுங்கை சிப்புட்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய காலம் முதல் என் மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். நம் ஊரில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களும், வெளிநாட்டில் வேட்டைக்குச் செல்லும் நம்மவர்களும் இந்த இழையைப் படிப்பதால், இதற்குத் தக்க விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

.30-30 வின்செஸ்டர் என்ற தோட்டா 1895-இல் வெளிவந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடல் லீவர் ரைபிளுக்காக (கைப்பிடி நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் ரைபிள்) செய்யப்பட்ட அது, புகையில்லா வெடிமருந்தை நம்பி அமெரிக்காவில் உருவான முதல் சிறுவிட்ட வேட்டைத் தோட்டா. 11 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் அது செலுத்துகிறது. 1963-இல் வந்த, வெடிமருந்து மிகுந்த மேக்னம் வகையைச் சேர்ந்த .300 வின்செஸ்டர் மேக்னமோ அதைவிடச் சற்றுக் கனமான குண்டை நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. குழல்முனையில் முதலாவதன் ஆற்றல் 2,500 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவதற்கு ஏறத்தாழ 4,750 ஜூல். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த .30-30, 200 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்து விழும். இவ்வளவும் தெரிந்திருந்தும், அமெரிக்கக் காடுகளில் மான் வேட்டைக்குச் செல்லும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அதை விடவில்லை. அந்த 1894 மாடல் மட்டுமே எழுபது இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. 1982-இல் வின்செஸ்டர் நிறுவனமே அதே ரைபிளின் உடலை வலுப்படுத்தி, .307 என்ற புதிய தோட்டாவை அதற்குக் கொடுத்தது. ரைபிளின் தோற்றமும் லீவரும் மாறவில்லை, 9.7 கிராம் குண்டின் வேகம் மட்டும் நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் கூடியது. கணக்குப்படி பார்த்தால் .30-30 அன்றே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். நடந்ததோ எதிர்மாறு. .307 ஐ இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது; .30-30 எங்கும் கிடைக்கிறது. கையில் இருக்கும் பழைய துப்பாக்கியின் மேல் உள்ள பாசம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதவில்லை. பாசத்துக்கு அடியில் திடமான காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய கிராணி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் இதைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்கிறேன். முதலில் எது கைக்கு எட்டியது என்று பாருங்கள். பற்று எல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பின் தோட்டங்களைக் காவல் காக்க வந்த சிறப்புக் காவலர்களின் தோளில் தொங்கியது .303 ரைபிள். என் தலைமுறையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளைகள் முதன்முதலில் பார்த்த ரைபிள் அதுதான். இன்றும் பெரியவர்கள் பேசும்போது 'திரீநாட்திரீ' என்றால் ரைபிள் என்றே பொருள். அந்தத் தோட்டா 1888-இல் பிரிட்டிஷ் படைக்காகக் கருமருந்தோடு பிறந்தது, சில ஆண்டுகளில் கார்டைட் மருந்துக்கு மாறியது, 1910-இல் 11.3 கிராம் கூர்முனைக் குண்டும் நொடிக்கு 744 மீட்டர் வேகமும் பெற்றது. அதற்குப் பின் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் கனடாவில் 1947-இல் அமைக்கப்பட்ட ரேஞ்சர் காவற்படை அதே தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்டு ரைபிளை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பயன்படுத்தியது. போருக்குப் பிறகு படையிடம் எஞ்சிய ரைபிள்கள் மலிவாக விற்கப்பட்டன, பண்ணைக்காரர்கள் வாங்கினார்கள், அதைக் கொண்டே மூஸ் மானையும் கரடியையும் சுட்டார்கள்.

இந்தியாவில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. இராணுவத் தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் தடுத்ததால், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை அடிப்படையாகக் கொண்ட .315 அங்கே வேரூன்றியது. இஷாப்பூர் தொழிற்சாலை அதற்கான ரைபிளைச் செய்து தந்தது. உரிமம் பெற்றவர்கள் அதையே வாங்கினார்கள். அதன் ஆற்றலைப் புகழ்ந்து யாரும் பேசியதாக நான் படித்ததில்லை. ஜெர்மானியர் ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கிய 9.3×62 தோட்டாவின் கதையும் இதுவே. ஆப்பிரிக்காவில் குடியேறிய விவசாயிக்கு ஆங்கிலேயக் கனவான்களின் விலையுயர்ந்த இரட்டைக்குழல் ரைபிள் எட்டாது. சாதாரண மௌசர் ரைபிளில் அடங்கும் இந்தத் தோட்டா எட்டியது. ஆகவே சட்டமும் விலையும் கடைச்சரக்கும்தான் பற்றை உண்டாக்கின என்பது என் கருத்து.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

ஐயா சொல்வதில் வரலாறு சரியாக இருக்கிறது. ஆனால் கிடைப்பது மட்டுமே காரணமாக இருந்தால், விலையும் விநியோகமும் மாறியபோது மக்களும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? .307 வந்தபோது அமெரிக்கர்களுக்கு வாங்கும் வசதி இருந்தது, கடையும் இருந்தது, துப்பாக்கியும் அறிமுகமானதே. அவர்கள் மறுத்ததற்கு உடல் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. அதை எண்களால் காட்ட முடியும்.

குண்டு முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அந்த உதையைத் தீர்மானிப்பது குண்டின் இயக்க ஆற்றல் அன்று. குண்டும், அதன் பின்னால் சீறி வெளியேறும் வெடிமருந்து வாயுவும் சேர்ந்து கொண்டு செல்லும் உந்தமே அதைத் தீர்மானிக்கிறது. மேக்னம் தோட்டாவில் .30-30-இல் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மருந்து எரிகிறது. அந்த வாயு குண்டைவிட வேகமாக வெளியேறுவதால் உதையில் அதன் பங்கு பெரிது. மூன்றரைக் கிலோ எடையுள்ள ஒரே அளவான ரைபிளில் இரண்டையும் வைத்துக் கணக்கிட்டேன். .30-30-இன் உதை 15 அல்லது 16 ஜூல்; .300 மேக்னத்தின் உதை 40 ஜூலைத் தாண்டுகிறது. குண்டு பெறும் ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது; தோள் வாங்கும் உதையோ இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. இந்தப் பேரத்தில் சுடுபவருக்கு நட்டம்தான்.

உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுகிறார், தோளை இறுக்குகிறார். தமக்கு அப்படி நடக்கிறது என்பதைப் பலர் உணர்வதே இல்லை. குறி ஒரு கையகலம் விலகினால் நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் படுகிறது. அப்போது 4,750 ஜூல் இருந்தும் பயனில்லை. நுரையீரலிலோ இதயத்திலோ பட்ட குண்டு 2,000 ஜூலோடு வந்தாலும் விலங்கு சிறிது தூரத்துக்குள் விழுந்துவிடும். உதை குறைந்த தோட்டாவைக் கொண்டு நிறையப் பயிற்சி செய்ய முடியும். பயிற்சி கூடக் கூடக் குறி நிலைக்கும். குறி நிலைத்தால் விலங்கு விழும். விழுந்ததைப் பார்த்தவருக்கு அந்தத் தோட்டாவின் மேல் நம்பிக்கை வருகிறது. இதைப் பற்று என்று சொல்லுங்கள், அனுபவம் என்று சொல்லுங்கள், இரண்டும் பொருந்தும்.

செம்பனைத் துணைமேலாளர் எழுதியது:

நான் சற்றுக் கடுமையாகப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். தோட்டாவின் மேல் பற்று வைப்பதால் விளையும் கேட்டையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் உரிமம் பெற்ற பொதுமக்களிடம் இருப்பது பெரும்பாலும் பல சிறு குண்டுகளை ஒன்றாகச் சுடும் 12 போர் துப்பாக்கிதான். அதிலும் காட்டுப்பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா என்றால் பலருக்கு வேத வாக்கு. ஒரு தோட்டாவில் எட்டு ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரிது. உருண்டையான குண்டு காற்றில் வேகத்தை விரைவாக இழக்கும். தூரம் கூடக் கூட அவை பரந்தும் போகும். 25 மீட்டரில் அது மிகவும் நம்பகமானது. 40 மீட்டரில் ஒன்றோ இரண்டோ பன்றியின் உடலில் எங்காவது படலாம். செம்பனை மரங்கள் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. இரவில் விளக்கொளியில் பார்க்கும்போது மூன்றாவது மரமும் ஐந்தாவது மரமும் ஒரே தூரம் போலத் தெரியும். எஸ்.ஜி. எதையும் சாய்க்கும் என்ற நம்பிக்கையில் ஐந்தாவது மரத்தடியில் நிற்கும் பன்றியைச் சுடுகிறார்கள். அது காயத்தோடு ஓடி மட்டை வரிசைக்குள் புகுந்துகொள்கிறது. விடிந்ததும் அந்த நிரையில் குலை வெட்டவும் உதிரிப் பழம் பொறுக்கவும் செல்வது நம் தொழிலாளர்கள். பெண்களும் வயதானவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். காயம்பட்ட ஆண் பன்றி எப்படிப் பாயும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கன்று நட்ட நிலத்தில் பன்றி செய்யும் சேதம் எனக்கும் தெரியும். கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் தோட்டாவின் எல்லையை மறந்த பற்று எனக்கு வேண்டாம்.

வடதிசைப் பயணி (சுவீடன்) எழுதியது:

துணைமேலாளர் அவர்களின் கவலை நியாயமானது. நான் பிறந்து வளர்ந்ததும் பேராக் தோட்டப்புறத்தில்தான். இப்போது வேலை நிமித்தம் சுவீடனில் வாழ்கிறேன், வேட்டைத் தேர்வும் எழுதித் தேறியிருக்கிறேன். எல்லையை மறக்காத பற்று எப்படி இருக்கும் என்பதை இந்த நாட்டைக் கொண்டு சொல்ல முயல்கிறேன்.

இங்கே 6.5×55 தோட்டாவுக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. சுவீடனும் நார்வேயும் ஒரே மன்னரின் கீழ் இருந்த காலத்தில், 1890-களின் தொடக்கத்தில், இரு நாட்டுப் படைகளுக்காகவும் சேர்ந்து வடிவமைத்த தோட்டா இது. குண்டின் விட்டம் 6.7 மில்லிமீட்டர்தான். மூஸ் மான் எருமையளவு பெரிய விலங்கு. அதற்கு இந்த மெல்லிய குண்டு போதுமா என்று புதிதாகக் கேட்பவர் வியப்பார். ஆனால் அந்தக் குண்டு நீளமானது. 10 கிராம் எடையை அவ்வளவு குறுகிய விட்டத்தில் அடக்கியிருப்பதால், தசையையும் விலாவையும் துளைத்து நெடுந்தூரம் உள்ளே செல்கிறது. வேகம் மிதமாக இருப்பதால் தோலருகிலேயே சிதறிப் போவதும் இல்லை.

இந்நாட்டுச் சட்டம் இதை எண்களாகவே எழுதி வைத்திருக்கிறது. பெருவிலங்குகளுக்கான முதல் வகுப்புத் தோட்டாவில் குண்டு 9 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றல் வேண்டும். குண்டு 10 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 2,000 ஜூலே போதும். கனமான குண்டுக்கு ஆற்றலில் 700 ஜூல் சலுகை. 10.1 கிராம் குண்டோடு வரும் 6.5×55 இரண்டாவது வழியில் தகுதி பெறுகிறது. ஆற்றல் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டாவை எடை போடக்கூடாது என்பதைச் சட்டம் இயற்றியவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகப் பட்டது.

அதோடு பயிற்சி. இந்நாட்டில் தன்னார்வத் துப்பாக்கிச் சங்கங்கள் ஊர்தோறும் இருந்தன; சாதாரணக் குடிமக்கள் அங்கே படையின் தோட்டாவையே சுட்டுப் பழகினார்கள். ஓடும் மூஸ் மானின் உருவத்தை 80 மீட்டரிலிருந்து சுடும் பயிற்சி இன்றும் வேட்டைப் பருவத்துக்கு முன் நடக்கிறது. ஆசிரியை அவர்கள் சொன்னதற்கு இந்த நாடே சான்று. எந்தத் தூரத்தில் தன் கை நடுங்காது, எந்தத் தூரத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும்.

மலைச்சாரல் எழுதியது:

பயணி அவர்களின் பதிவு எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அவர் சொன்ன 'தோலருகிலேயே சிதறிப் போவது' என்பதை எடுத்துக்கொள்கிறேன். நான் தேடிய திடமான காரணம் அங்கேதான் இருக்கிறது.

வேட்டைக் குண்டு உடலில் பட்டதும் முனை விரிய வேண்டும். விரிந்த பிறகும் உடையாமல் உள்ளே செல்ல வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும் தேவைகள். எந்த வேகத்தில் பட்டால் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைக் குண்டு செய்பவர் உறையின் தடிமனாலும் ஈயத்தின் கடினத்தாலும் தீர்மானிக்கிறார். .30 அங்குல விட்டமுள்ள ஒரு கூர்முனைக் குண்டைச் செய்பவருக்கு அது எந்தத் தோட்டாவில் போகப் போகிறது என்று தெரியாது. .308 தோட்டாவில் மிதமான வேகத்திலும் போகலாம். பெரிய மேக்னத்தில் அதிவேகத்திலும் போகலாம். 30 மீட்டரிலும் படலாம், 400 மீட்டரிலும் படலாம். அவர் நடுவில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஜான் நோஸ்லர் 1940-களில் மூஸ் வேட்டையில் தம் வேகமான குண்டுகள் உடைந்து போனதைக் கண்டு, நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டை உருவாக்க நேர்ந்தது இந்தச் சிக்கலால்தான்.

.30-30-இன் குண்டு வேறு. லீவர் ரைபிளின் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனை இருந்தால் முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கச் செய்யும் ஆபத்து உண்டு. ஆகவே முனை தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டைமுனை 11 கிராம் குண்டை வேறு எந்தத் தோட்டாவிலும் அநேகமாக யாரும் பயன்படுத்துவதில்லை. அதனால் குண்டு செய்பவருக்கு வேகம் முன்கூட்டியே தெரியும், தூரமும் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரே வேலைக்காக அதைத் திருத்தித் திருத்திச் செய்திருக்கிறார்கள். தட்டைமுனை காற்றைக் கிழிக்காமல் முட்டிக்கொண்டு போவதுதான் நெடுந்தூரத்தில் அதன் பலவீனம். மரங்களுக்கு நடுவே நூறு மீட்டருக்குள் சுடுபவருக்கு அந்தப் பலவீனம் ஒருபோதும் குறுக்கே வருவதில்லை. 2000-களின் நடுவில் ஹார்னடி நிறுவனம் வளையும் ரப்பர் போன்ற கூர்முனையை வைத்து அந்தப் பலவீனத்தையும் குறைத்தது.

மெதுவான குண்டின் பெருமைக்கு இரண்டு பெயர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 7×57 மௌசர் 1890-களின் தொடக்கத்துத் தோட்டா, ஆங்கிலேயர் அதை .275 ரிக்பி என்று அழைத்தார்கள். வட இந்தியாவின் சம்பாவத் பகுதி ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வழங்கப்பட்டது அந்த ரிக்பி ரைபிள்தான். டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதில் பெரும்பகுதி அதே தோட்டாவால் நிகழ்ந்தது; 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட, முனை விரியாத முழு உறைக் குண்டு.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

குண்டைப் பற்றிய விளக்கம் மிகவும் அருமை. என் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பெல் பற்றிச் சொன்னதில் மட்டும் ஒரு எச்சரிக்கை வேண்டும். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்து ஆராய்ந்தவர். எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்பதைக் கற்றவர். திறந்த வெளியில் அமைதியாக நின்ற யானைகளை மிக நெருங்கிச் சுட்டவர். அதே தோட்டாவை எடுத்துக்கொண்டு யானையிடம் போய்த் திரும்பாதவர்களின் கதையை எழுத யாரும் இல்லை. வென்றவரின் பெயரை மட்டும் வைத்துத் தோட்டாவை மதிப்பிட்டால் அது பிழையான புள்ளியியல். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அங்குல விட்டத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருப்பது காரணமில்லாமல் அன்று.

பழைய கிராணி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. பெல்லின் கையை மறந்துவிட்டுத் தோட்டாவைப் புகழ்வது தகாது.

கைக்கு எட்டியதே பற்றுக்கு வித்து என்று நான் எழுதினேன். அதன் அடுத்த படியையும் இப்போது சேர்க்கிறேன். கைக்கு எட்டிய ஒன்றோடு ஒரு மனிதன் நீண்ட காலம் பழகுகிறான். நல்ல ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி தன் உளியை மற்றவரிடம் கொடுக்க மாட்டார்; புதிய உளி கூர்மையாகவே இருக்கலாம், ஆனால் பட்டை எவ்வளவு ஆழம், எங்கே மரத்துக்குக் காயம் படும் என்பதை அவர் கை அறிந்தது அந்தப் பழைய உளியின் வழியாகத்தான். தோட்டாவும் அப்படியே. .303 எத்தனை தூரத்தில் எவ்வளவு தாழும் என்பது அதைச் சுட்டவருக்குப் பட்டியல் பார்க்காமலே தெரியும். புதிய தோட்டாவை வாங்குவது என்றால் அந்த அறிவை முதலிலிருந்து சேர்க்க வேண்டும். வயதான வேட்டைக்காரர்கள் மாற மறுப்பதில் பிடிவாதமும் இருக்கலாம். சேர்த்த அறிவை இழக்க மனமில்லாமையும் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

விளம்பரத்தை நம்பி மாறியவர்களுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 2000-க்குப் பிறகு குட்டையான மேக்னம் தோட்டாக்கள் அலையாக வந்தன. .300 ரெமிங்டன் எஸ்.ஏ.யூ.எம். அவற்றுள் ஒன்று. மேக்னம் அல்லாத .30 டி.சி. என்ற குட்டைத் தோட்டாவும் 2007-இல் வந்தது. எண்களில் குறை சொல்ல முடியாதவை. இன்று அந்த ரைபிள்களை வைத்திருப்பவர் தோட்டாவுக்கு அலைகிறார். 1895-இன் தோட்டாவை வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

புதிய உரிமதாரர் எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். என் தந்தையின் சிறுநிலத்தில் செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் தோண்டிவிடுகின்றன. 12 போர் துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. எஸ்.ஜி. தோட்டாவையே வாங்கலாமா, அல்லது நீளமான மூன்று அங்குல மேக்னம் தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைத் தேட வேண்டுமா?

செம்பனைத் துணைமேலாளர் எழுதியது:

தம்பி, மேக்னம் தேட வேண்டாம். அதில் குண்டுகளின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு குண்டும் முன்பு எவ்வளவு விரைவில் வேகத்தை இழந்ததோ அவ்வளவு விரைவில்தான் இழக்கும். தோள் வாங்கும் உதை மட்டும் உறுதியாகக் கூடும். சாதாரண 70 மில்லிமீட்டர் எஸ்.ஜி. போதும்.

ஆனால் நிலத்துக்குப் போகும் முன் அனுமதி பெற்ற சுடுதளத்துக்குப் போய், பன்றியின் நெஞ்சளவு வட்டம் வரைந்த பெரிய காகிதத்தை 15, 20, 25, 30 மீட்டரில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். ஒரே தோட்டா ஒவ்வொரு குழலிலும் ஒவ்வொரு விதமாகப் பரவும். கடைக்காரர் சொல்வது உங்கள் குழலுக்குப் பொருந்தாமல் போகலாம். வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளாவது தவறாமல் விழும் கடைசித் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. அந்தத் தூரத்தைப் பகலிலேயே நிலத்தில் அளந்து, மரங்களில் வெள்ளைச் சாயத்தால் அடையாளம் இடுங்கள். சாயம் பூசிய மரத்துக்கு அப்பால் நிற்கும் பன்றியைச் சுட வேண்டாம். வேட்டை உரிமத்தைப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் தனியாக எடுக்க வேண்டும். துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது.

மலைச்சாரல் எழுதியது:

அந்தச் சாயம் பூசும் யோசனையை எங்கள் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களிடமும் சொல்லப் போகிறேன். தம்பி, காகிதத்தைச் சுட்டுப் பார்த்த பிறகு எந்தத் தூரம் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். குழலின் நீளத்தையும் அதன் முனை எவ்வளவு குறுகலாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிப்பிட்டால், மற்றவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.